பணம் யார் கணக்கில் போயிற்று?

வடக்குப்பட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம் இந்த வாரம் நம் பக்கத்தை முழுவதும் பிடித்துக் கொண்டு விட்டது. மற்ற நேயர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறைக்கும், பள்ளிக்கூடம் போக அழும் பையனுக்கும் அடுத்த இதழில் கட்டாயம் பதில் உண்டு.

வடக்குப்பட்டு எங்கே என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஒரகடத்துக்கு அருகில் இருக்கிறது. 2022-ல் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டிப் பார்த்தபோது கற்கால மனிதர்கள் செதுக்கிய கல் கருவிகள் அகப்பட்டன. இன்று அதே வட்டாரத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகின்றன. நெடுஞ்சாலைக்கு வந்து நின்றால், புத்தம் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக் கொண்டு லாரிகள் போவதைப் பார்க்கலாம். அந்தக் கார்கள் நமக்குப் பின்னால் உபயோகப்படப் போகின்றன.

இனிக் கடிதத்துக்கு வருவோம். சகோதரி இருக்கும் சுய உதவிக் குழுவில் 14 பேர். கணக்கு எழுதும் பொறுப்பு இவருடையது. மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கிறாள். அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மாக் கிடந்தது. தாயும் மகளுமாக உட்கார்ந்து, குழுவின் கணக்குக்கென்று பைத்தான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார்கள். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் பெயருக்கு ஒரு பெட்டி, தொகைக்கு ஒரு பெட்டி, கீழே ‘சேர்’ என்று ஒரு பொத்தான். பாடப் புத்தகம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

வந்தது வினை. சரஸ்வதி கட்டிய 100 ரூபாய் பதினான்கு பேர் கணக்கிலும் ஏறி நிற்கிறது. பொத்தானோ, ஜன்னல் திறந்ததுமே தானாக ஒரு தரம் வேலை செய்து விட்டு, பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் வாயைத் திறப்பதில்லை.

உதவி கேட்டிருக்கிறார்கள். விவரம் தெரிந்த ஒருவர், “இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? நோட்டிலேயே எழுதுங்களேன்” என்றாராம். இன்னொருவர், நல்ல மனிதர்தான், மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து ஒரு மணி நேரத்தில் வேறு புரோகிராம் எழுதிக் கொடுத்து விட்டார். அது ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் அதில் ஒரு வரி கூட மகளுக்குப் புரியவில்லை. “எனக்கு மூளை போதாதம்மா, காலேஜில் நான் காமர்ஸே எடுத்துக் கொள்கிறேன்” என்கிறாளாம்.

காமர்ஸ் நல்ல படிப்புத்தான். ஆனால் பிடித்ததால் எடுத்துக் கொள்வது வேறு, ஒரு பொத்தானிடம் தோற்றதாக நினைத்துக் கொண்டு எடுப்பது வேறு. ஆகவே சகோதரி, முதலில் பொத்தானையும் கணக்கையும் சரி செய்வோம்.

புரோகிராம் எழுதுவதில் இது ஒரு தனி முறை. பாடநூலில் இதைப் பொருள்நோக்கு நிரலாக்கம் என்கிறார்கள். 1960-களில் நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் ஓலே யோஹான் டால், கிரிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் இதற்கு வழி போட்டார்கள். கியூவில் காத்திருக்கும் ஜனங்களைப் போல வெளியுலகத்தில் நடப்பதைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்ப்பது அவர்கள் நோக்கம். இதில் இரண்டு சொற்கள் முக்கியம்: இனக்குழு, பொருள். ‘இனக்குழு’ என்றதும் எனக்கு ஏதோ சமூகவியல் பாடத்தில் நுழைந்து விட்டது போல் இருக்கிறது. ‘வார்ப்பு’ என்று வைத்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். பரீட்சையில் அப்படி எழுதி மார்க்கை இழந்து விடாதே, பெண்ணே!

இப்போது அந்த லாரியைப் பாருங்கள். ஒரே வரைபடத்தை வைத்துக் கொண்டு தொழிற்சாலையில் ஆயிரமாயிரம் கார்கள் செய்கிறார்கள். வரைபடம்தான் இனக்குழு. வெளியே வரும் ஒவ்வொரு காரும் ஒரு பொருள். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி நிறம். ஒரு கார் மரத்தில் மோதி நசுங்கினால் லாரியில் இருக்கும் மற்றக் கார்கள் நசுங்குவதில்லை. உங்கள் புரோகிராமில் ‘உறுப்பினர்’ என்பது வரைபடம். சரஸ்வதியும் கமலாவும் அதிலிருந்து பிறந்த பொருள்கள். அப்படியானால் சரஸ்வதியின் பணம் கமலாவின் கணக்கில் எப்படி நுழைந்தது?

துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “பெயர்கள் சரியாக வருகின்றன, தவணைகள்தான் கலக்கின்றன” என்று எழுதியிருக்கிறீர்களே! பெயரை எங்கே எழுதினீர்கள், தவணைப் பட்டியலை எங்கே எழுதினீர்கள் என்று பாருங்கள். பெயரை ‘இனிட்’ என்ற பகுதிக்குள், ‘செல்ஃப்’ என்று முன்னால் போட்டு எழுதியிருக்கிறீர்கள். தவணைப் பட்டியலை அதற்கு மேலே, இனக்குழுவின் தலைமாட்டில், ‘செல்ஃப்’ இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். அங்கே வைத்தது சங்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிய பொது நோட்டு மாதிரி. பதினான்கு பேரும் அதில்தான் எழுதுவார்கள்; பதினான்கு பேரும் அதைத்தான் படிப்பார்கள். ‘இனிட்’ என்பதோ புது உறுப்பினர் சேரும்போது தானாக நடக்கும் சடங்கு. அப்போது ‘செல்ஃப்’ போட்டு ஒரு வெற்றுப் பட்டியல் கொடுத்தால், அவரவர் கையில் தனிப் பாஸ் புத்தகம் கொடுத்தது போல் ஆகும். ‘செல்ஃப்’ என்பதை ‘என்னுடைய’ என்று மனசுக்குள் படித்துக் கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் வரியைக் கீழே இறக்கி ‘இனிட்’டுக்குள் வைத்து, முன்னால் ‘என்னுடைய’ போட்டு விட்டால் கலப்படம் நின்று விடும்.

“போன மாதம் மொத்தத் தொகையை மட்டும் வைத்திருந்தோம். அதுவும் மேலேதான் இருந்தது. அப்போது கலக்கவில்லையே?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கவனித்தவர் உங்கள் பெண்ணாக இருந்தால், மூளை போதாது என்ற பேச்சை இன்றோடு விட்டு விடலாம். மொத்தம் என்பது ஓர் எண். ‘என்னுடைய மொத்தம் இனிமேல் பழைய மொத்தமும் நூறும்’ என்று எழுதினால், பைத்தான் பழைய மொத்தத்தைப் பொது நோட்டில் பார்த்துக் கொள்ளும். புதுத் தொகையை அவரவர் பாஸ் புத்தகத்தில்தான் பதியும். அதனால் தப்பித்தீர்கள். பட்டியல் அப்படியல்ல. பட்டியலின் கடைசியில் ஒரு தவணையைச் சேர் என்றால், இருக்கிற நோட்டிலேயே போய் எழுதி விடும். இதில் பைத்தானின் இலக்கணப்படி பிழை எதுவும் இல்லை. அதனால்தான் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் வரவில்லை. எச்சரிக்கை வராத தப்புத்தான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது.

பொத்தானுக்கு வருவோம். பைத்தானோடு கூடவே வரும் டிகின்டர் என்ற பகுதியைக் கொண்டு ஜன்னல் செய்திருக்கிறீர்கள். பொத்தானிடம், “உன்னை அழுத்தினால் இந்த வேலையைச் செய்” என்று வேலையின் பெயரைச் சொல்லி வைக்க வேண்டும். நீங்கள் பெயரை எழுதி, பழக்க தோஷத்தில் பக்கத்தில் ஒரு ஜோடி அடைப்புக் குறியும் போட்டு விட்டீர்கள். அடைப்புக் குறி போட்டால் ‘இப்போதே செய்’ என்று அர்த்தம். வீட்டு வேலைக்காரப் பையனிடம், “குழாய் ஒழுகினால் இந்த நம்பருக்குப் போன் பண்ணு” என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, நீங்களே போன் பண்ணி, குழாய்க்காரரை வரவழைத்து, அனுப்பியும் விட்டுப் பையன் கையில் வெற்றுச் சீட்டைக் கொடுத்த மாதிரி. பிறகு குழாய் ஒழுகும்போது பாவம், அவன் என்ன செய்வான்? அந்த ஒரு ஜோடி வளைவை அழித்து விடுங்கள். பொத்தான் பேசும்.

ஜன்னல் புரோகிராமில் இன்னும் ஒரு விஷயம். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொத்தானை அழுத்திய பிறகு, அந்த வேலைக்குள்ளே இருந்துதான் படிக்க வேண்டும். ஜன்னல் திறக்கும்போதே படித்தால் வெறும் பெட்டிதான் கிடைக்கும். மேலும் பெட்டியிலிருந்து வருவது எழுத்து, எண் அல்ல. எண்ணாக மாற்றாமல் 100-ஐயும் 50-ஐயும் கூட்டச் சொன்னால் 10050 என்று ஒட்டிக் கொடுக்கும். குழு ஒரே நாளில் பணக்காரக் குழுவாகி விடும்!

இத்தனையும் ஒரு சின்னக் கணக்குப் புரோகிராமுக்குள் இருக்கிறது. தெரிந்தவர்கள் “இது சுலபம்” என்று சொல்வதில் உள்ள அநியாயம் இதுதான். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970-களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கே என்பவரும், அடேல் கோல்ட்பர்க் என்ற பெண்மணியும், மற்றும் சில தோழர்களும் ‘ஸ்மால்டாக்’ என்ற மொழியை உண்டாக்கினார்கள். பொருள்நோக்கு முறை, திரையில் ஜன்னல்கள் இரண்டும் ஒன்றாக வளர்ந்த இடம் அது. கோல்ட்பர்க் அம்மையார் குழந்தைகளுக்கு அதைக் கற்றுக் கொடுக்க ஓர் அழகான உபாயம் கண்டார். திரையில் ஒரு சதுரப் பெட்டி. அதற்கு ஜோ என்று பெயர். ‘ஜோ, திரும்பு’ என்றால் திரும்பும். ‘ஜோ, வளர்’ என்றால் வளரும். பிறகு ஜில் என்று இன்னொரு பெட்டி. ஜோ திரும்பினால் ஜில் திரும்புவதில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் இதைப் பிடித்துக் கொண்டு படம் வரையும் புரோகிராம்களே எழுதி விட்டார்கள்.

அதன் பிறகு, புரோகிராம் எழுதியறியாத பெரியவர்கள் இருபது பேருக்குப் பாடம் நடந்தது. ஆரம்பத்தில் வேகமாகப் போனவர்கள், தகவல்களைப் போட்டு வைத்துத் தேடி எடுக்கும் ஒரு சிறு புரோகிராமைக் கொடுத்ததும் தடுக்கி நின்று விட்டார்கள். உங்கள் குழுக் கணக்கு மாதிரிதான் அது. ஆலன் கே திகைத்துப் போனார். பிறகு அவரே உட்கார்ந்து, அந்தச் சின்னப் புரோகிராமுக்குள் முதல் பார்வைக்குத் தெரியாத யுக்திகள் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். பதினேழு இருந்தன! ‘சுலபம்’ என்று அவர் நினைத்த ஒன்றுக்குள் பதினேழு. இதை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் பெண்ணிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். பதினேழில் பதினைந்தை அவள் தாண்டி விட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உதவி செய்ய வருகிற அண்ணன்மார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மடிக்கணினியைத் தொடாதீர்கள். கையைக் கட்டிக் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, “நீ என்ன வரும் என்று நினைத்தாய்? என்ன வந்தது?” என்று கேளுங்கள். சரஸ்வதி, கமலா என்று இரண்டே பேரை வைத்து, ஒரே ஒரு தவணையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதினான்கு பேரில் புலப்படாதது இரண்டு பேரில் பளிச்சென்று தெரியும். நீங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம் எவ்வளவு பிரமாதமாக ஓடினாலும் அது உங்களுடையதுதான். நாளைக்கு வட்டிக் கணக்கு சேர்க்க வேண்டுமானால் மறுபடியும் உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

கேட்பவர்களும் ஒன்று செய்யலாம். ‘புரோகிராம் வேலை செய்யவில்லை’ என்று கேட்டால் வைத்தியரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்ன மாதிரி. எதை அழுத்தினோம், எது வர வேண்டும், எது வந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். சிவப்பு எழுத்து வந்தால் பயந்து மூடி விடாமல் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே. பிறகு, தப்பு மட்டும் மிஞ்சும் அளவுக்குப் புரோகிராமைப் பத்து வரியாகச் சுருக்குங்கள். சுருக்கிக் கொண்டிருக்கும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்து விடுகிறது.

தமிழில் கேட்க இடமில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. உங்கள் ஜில்லாவிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு உண்டு. 2012 முதல் ‘கணியம்’ என்ற மின்னிதழ் இந்த விஷயங்களை எளிய தமிழில் எழுதி, புத்தகங்களாகவும் இலவசமாகக் கொடுத்து வருகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போகன் டுடோரியல்’ பாடங்களில் தமிழில் பேசுபவையும் உண்டு. பைத்தானிலேயே ‘உறுப்பினர்’, ‘தவணை’ என்று தமிழில் பெயர் வைக்கலாம் என்பது உங்கள் பெண்ணுக்குத் தெரியுமோ என்னவோ. 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அது முடியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஜன்னலை மூடியவுடன் எழுதிய தவணைகள் எங்கே போகின்றன என்று பார்த்தீர்களா? கோப்பில் சேமிக்கும் வரிகள் எதையும் உங்கள் புரோகிராமில் நான் பார்க்கவில்லை. அந்தப் பகுதியையும் எழுதி, இரண்டு மாதம் ஒத்துப் பார்த்து, காசு கூடக் குறைய இல்லாமல் வரும் வரையில், பதினான்கு பேர் கையெழுத்துப் போட்ட கணக்கு நோட்டைப் பரணில் ஏற்றி விடாதீர்கள்.