எட்டு கோர் இருக்கு, ஒன்றுதான் உழைக்குது!

இரவு எட்டு மணி. ஒரு லுவான்ட்டி சர்வரில் இருபது பேர் ஒரே உலகத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கல்லை உடைக்கிறார். கல் உடனே மறைகிறது, ஆனால் பைக்குள் வந்து சேர இரண்டு விநாடி ஆகிறது. இன்னொருவர் கதவைத் தட்டுகிறார், திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்து கதவு திறந்து, அவர் நுழைவதற்குள் மூடிக்கொள்கிறது (இரண்டு தட்டுக்கும் சேர்த்து மரியாதை!). சர்வர் வைத்திருப்பவர் போய்ப் பார்த்தால் எட்டு கோரில் ஒன்று மூச்சு வாங்குகிறது, மற்ற ஏழும் தூங்குகின்றன. உடனே அந்தப் புகழ்பெற்ற கேள்வி: "இந்தக் காலத்தில் போய் ஒரே த்ரெட்டா? வேலையை எட்டாகப் பிரித்தால் எட்டு மடங்கு வேகம் வராதா?"

வராது. ஏன் என்று பார்க்க, இயந்திரத்தின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. பல வருடம் மைன்டெஸ்ட் என்றுதான் பெயர். 2024 அக்டோபரில்தான் லுவான்ட்டி ஆனது. (ஃபின்னிஷ் மொழியில் 'லுவோன்ட்டி' என்றால் படைப்பு. அதோடு லுவா என்ற நிரல்மொழியின் பெயரையும் குழைத்திருக்கிறார்கள்.) அடிப்படை இயந்திரம் சி++. விளையாட்டின் விதிகள் எல்லாம் லுவாவில் எழுதிய துணைநிரல்கள். உலகம் 16×16×16, அதாவது 4096 கனசதுரங்கள் கொண்ட பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சர்வர் சாதாரணமாக 0.09 விநாடிக்கு ஒரு சுற்று ஓடுகிறது. யார் எங்கே நகர்ந்தார், யார் எதை உடைத்தார், எந்தச் செடி வளர்ந்தது என்று எல்லாமே அந்தச் சுற்றுக்குள்தான் முடிய வேண்டும்.

இந்தச் சுற்றில் உலகத்துக்கு ஒரே ஒரு பெரிய பூட்டு. துணைநிரல்கள் எல்லாம் ஒரே லுவா சூழலில் ஓடுகின்றன, எது வேண்டுமானாலும் உலகின் எந்த மூலையையும் தொடலாம். அப்படியிருக்க எட்டு த்ரெட்டை விட்டால் என்ன ஆகும்? ஒன்று பூட்டை வைத்திருக்கும், ஏழு வாசலில் வரிசையில் நிற்கும். ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் எட்டு பேரைக் குடிவைத்த கதைதான்.

சரி, அந்த ஒரு கோர் எதில்தான் இவ்வளவு வியர்க்கிறது? பெரும்பாலும் ஏபிஎம் எனப்படும் விதிகளில். மண்ணில் புல் பரவுவது, செடி வளர்வது மாதிரி சமாச்சாரங்கள். விளையாடுபவரைச் சுற்றி நாலு பெட்டி தூரம் வரை உலகம் 'உயிரோடு' இருக்கிறது. கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கனசதுரங்கள்! மைன்டெஸ்ட் கேமில் புல் பரவும் விதி அடக்கமானது, 6 விநாடிக்கு ஒருமுறை, ஐம்பதில் ஒரு வாய்ப்பு. அனுபவமில்லாத ஒருவர் கல்லுக்கு ஒரு விதி எழுதி, இடைவெளி 1 விநாடி, வாய்ப்பு 1 என்று போட்டுவிட்டால்? தரைக்கு அடியில் முழுக்கக் கல்தானே. சர்வர் அத்தோடு படுத்துவிடும்.

இதற்கு இயந்திரம் கண்ட வழிகளில் ஒன்று ரொம்ப அழகு. ஒவ்வொரு பெட்டியிலும் என்னென்ன வகைப் பொருள்கள் இருக்கின்றன என்று ஒரு சின்னப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்கிறது. பெட்டியில் மண்ணே இல்லையென்றால் புல் விதிக்காக அதன் 4096 கனசதுரங்களையும் தடவிப் பார்க்க வேண்டியதில்லை, பட்டியலைப் பார்த்ததுமே தாண்டிவிடலாம். த்ரெட் இல்லை, மந்திரம் இல்லை. செய்யவே வேண்டாத வேலையைச் செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வழி காலவரம்பு. விநாடிக்கு ஒருமுறை வரும் ஏபிஎம் வேலைக்கு 0.2 விநாடி, அதற்கு மேல் போனால் பாதியில் நிறுத்து. இது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது மாதிரி. 0.2 விநாடி என்பதே இரண்டு சுற்றுக்கு மேல் ஆயிற்றே!

அப்படியானால் த்ரெட்டே கூடாதா? கூடும், பிரித்த பிறகு. 2022-இல் வந்த 5.6 பதிப்பில் துணைநிரல்கள் கனமான கணக்குகளைத் தனி த்ரெட்டுக்கு அனுப்ப வழி வந்தது. ஆனால் அங்கே ஓடும் நிரல் உலகத்தைத் தொட முடியாது. அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. 2024-இல் நிலம் உருவாக்கும் துணைநிரல்களும் இதே மாதிரி தனி லுவா சூழலுக்குப் போக முடிந்தது. இரண்டிலும் எது யாருக்குச் சொந்தம் என்று முதலில் கோடு கிழித்தார்கள், த்ரெட் பிறகுதான் வந்தது.

அந்தக் கோடு கிழிக்கிற வேலைக்குத்தான் ரீஃபாக்டரிங் என்று பெயர், அதற்குத்தான் கைதட்டல் கிடைப்பதில்லை. ஒருகாலத்தில் சர்வரின் உலகமும் விளையாடுபவர் பக்கத்து உலகமும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தன. 2017-இல் தனித்தனியாகப் பிரித்தார்கள். அன்று விளையாடியவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. தெரியக்கூடாது என்பதுதானே நோக்கமே!

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓடுகிற நிரலைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று கிளம்பி உடைத்தவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான துணைநிரல்கள் இந்த இயந்திரத்தை நம்பி இருக்கின்றன. எந்த ஆவணத்திலும் எழுதாத பழக்கவழக்கங்களைக்கூட அவை நம்பியிருக்கும். ஆனால் அதற்கு மருந்து சுத்தம் செய்யாமல் விடுவதல்ல. இடமாற்றத்தையும் வேகமாற்றத்தையும் ஒரே பேட்சில் கலக்காமல் இருப்பது. மூவாயிரம் வரிகள் நகர்ந்திருக்கும் பேட்சுக்குள் நாலு வரி 'வேகமாக்கல்' ஒளிந்திருந்தால் சரிபார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார், பாவம்?

கதவு திறக்காத அந்த சர்வர்க்காரர் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. லுவான்ட்டியிலேயே ப்ரொஃபைலர் இருக்கிறது, அமைப்புகளில் அதை இயக்கி ஒரு சாயங்காலம் ஓடவிடலாம். நாற்பது துணைநிரல்களில் நேரத்தைத் தின்கிறது எது என்று பெயரோடு சொல்லிவிடும். அதைக் கழற்றிவிட்டு, மறுபடி போய் அந்தக் கதவை ஒரே ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டும்.