மகளுக்கு ஊசி, தாய்க்குப் பரிசோதனை!

புற்று நோய் என்றால் "எல்லாம் தலைவிதி" என்று சொல்லி விடுகிறோம். ஆனால், பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்று நோய் திடீரென்று வருவதல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே அது அடையாளம் காட்டுகிறது. அதைப் பார்க்கிறோமா என்பதே கேள்வி.

14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த நோயின் தடுப்பு ஊசியைப் படிப்படியாகப் போட, 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம். மகள் காப்பாற்றப்படுவாள். தாயின் கதி என்ன?

கிருமியின் வேலை

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. இதை 1983-ல் கண்டு சொன்னவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தாம்பத்திய உறவின் மூலம் பரவும் இக்கிருமி மிகச் சாதாரணமானது. யார் மீதும் பழி சொல்ல இதில் இடமில்லை. பெரும்பாலோரின் உடல், இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தானே விரட்டி விடும்.

சிலரிடம் அது தங்கி விடுகிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும், "போதும், இனிப் பெருகாதே" என்று தடுக்கும் காவல் உண்டு. கிருமி அந்தக் காவலை உடைக்கிறது. செல்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுகின்றன. அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகின்றன.

ஏற்கெனவே தங்கிவிட்ட கிருமியை ஊசி விரட்டாது. ஆகவே தாய்க்குத் தேவை பரிசோதனை.

திண்டுக்கல் காட்டிய வழி

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்சுகள், வினிகரில் உள்ள அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். கெட்டுப்போன இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் குளிரால் உறைய வைத்து அழித்தார்கள்.

30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் 31 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007-ல் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை நடக்காத கிராமங்களை விட, இங்கே இந்நோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு!

காஞ்சிப் பெண்களுக்கு

காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா, 1969-ல் புற்று நோயால் மறைந்தார். காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால், ஆஸ்பத்திரி அருகில் இருந்தால் மட்டும் போதுமா? நோய் முற்றிய பிறகு போனால் டாக்டர் என்ன செய்வார்?

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார். முடிச்சுப் போட்ட பிறகே மேலே நெய்கிறார். "புடவையை முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று விடுவதில்லை. ஆனால், அதே வீட்டுப் பெண் தன் உடம்பை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறாள். வெட்கம் ஒரு காரணம். வேலை ஒரு காரணம்.

30 வயது கடந்த பெண்கள், உடம்பில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். கட்டணம் இல்லை. சில நிமிட வேலைதான். மாதவிலக்கு நின்ற பிறகோ, இடையிலோ உதிரம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஆண்களே! மகளை ஊசிக்கு அழைத்துப் போகும்போது, அவள் தாயையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.