தவறுதலாக வழங்கப்பட்ட காப்பீட்டுப் பணம்: திருப்பித் தர வேண்டியவர் யார்?

‘ரெகவரி’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம் என் கை சற்றுத் தயங்கும். மருத்துவமனையில் அது குணமடைதல். அலுவலகக் கோப்பில் அது வசூல். நோயாளி தொழிலாளியாக இருந்துவிட்டால் முதலாவது முடிவதற்குள் இரண்டாவது தொடங்கிவிடலாம்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டத்தில் 70ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சட்டப்படி தமக்கு உரிமையில்லாத பயனைப் பெற்றவர் அதன் மதிப்பைத் திருப்பிச் செலுத்தக் கடமைப்பட்டவர் என்றது அது. அவர் இறந்துவிட்டால், விட்டுச்சென்ற சொத்திலிருந்து வாரிசு செலுத்த வேண்டியிருந்தது. ஏமாற்றிப் பெற்றாரா, அறியாமல் பெற்றாரா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. ஏமாற்றுவோரைத் தண்டிக்க 84ஆவது பிரிவு தனியாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபரிதாபாத்தில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்கு அவர் பெயரில் பங்களிப்பு இருந்தாக வேண்டும். அந்த நாட்கணக்கைக் கணினியில் ஏற்றுவது முதலாளி, அல்லது ஒப்பந்ததாரர். சரிபார்க்க வேண்டியது கழகம். கணக்கைத் தவறாக எழுதியவர் ஒருவர், பாராமல் பணம் வழங்கியவர் இன்னொருவர். ஆண்டுகள் கழித்துக் கடிதம் வந்து சேர்வதோ கூலியில் 0.75 விழுக்காட்டைத் தவறாமல் கொடுத்துவந்த மூன்றாமவர் வீட்டுக்கு. பணம் அரிசியாகவும் மருந்தாகவும் எப்போதோ கரைந்திருக்கும்.

பொதுப்பணம் வீணாகலாமா என்று கேட்பார்கள். ஆகக் கூடாது. தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே 72ஆவது பிரிவில் சொல்கிறது. ஆனால், பெற்றவர் யார்? ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் பணம் நேரே மருத்துவமனையின் கணக்குக்குப் போகிறது. நோயாளி அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 நோயாளிகளின் சிகிச்சைக்கென 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருப்பதை, 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எடுத்துக்காட்டியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததும் அதே அறிக்கையில்தான் வெளிவந்தது. இறந்தவர்கள் வந்து படுக்கை கேட்டிருக்க மாட்டார்கள்.

நீதித்துறை இக்கேள்வியை வேறோரிடத்தில் சந்தித்திருக்கிறது. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹுக்கும் இடையிலான வழக்கில், 2014 டிசம்பரில், நிர்வாகத்தின் பிழையால் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட ஊதியத்தை மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்தும் ஓய்வு பெற்றோரிடமிருந்தும் பிடித்தம் செய்யலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு ஊழியருக்குப் பொருந்தும் அந்த நியாயம் படுக்கையில் கிடக்கும் தொழிலாளிக்கு ஏன் எட்டவில்லை?

வழி இஎஸ்ஐ சட்டத்துக்குள்ளேயே இருந்தது. முதலாளி பங்களிப்பைக் கட்டத் தவறி, அதனால் தொழிலாளி உரிமை இழந்தால், பயனை அவருக்கு வழங்கிவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றது 68ஆவது பிரிவு. கட்டாமைக்கு இருந்த இந்த விதி பிழைக்கணக்குக்கும் விரிய வேண்டும். வஞ்சகம் மெய்ப்பிக்கப்படாத வரை காப்பீட்டாளரிடமோ அவர் வாரிசுகளிடமோ ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தும்படி, தொழிற்சங்கங்கள் ஒன்றிய அரசிடம் கோர வேண்டும். அதுவரை, இத்தகைய கடிதம் பெறும் தோழர்கள் அச்சத்தில் கையெழுத்திட்டுத் தவணை கட்டத் தொடங்காமல் முதலில் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.