கோடை விருந்துக்கு ஒயினா, அக்கானியா?

போன சித்திரையில் தங்கை மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். குடும்பத்தில் எல்லோரும் நாகர்கோவில் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு, இருபது பேர் வரை வருவார்கள். "மாமா, மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் வாங்கலாம்? விலை ரொம்பப் போகக்கூடாது. நீங்க பிரெஞ்சு படிச்ச ஆளாச்சே, சொல்லுங்க" என்றான்.

அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. அதனால் நான் பிரெஞ்சு வழியில் படித்தேன். ஊருக்குத் திரும்பி தாலுகா ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்த பிறகு அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. எழுபது தாண்டியபின் ஒயின் விஷயத்தில் உதவும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புதுச்சேரியில் என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சைகோன் வரை போய்விட்டு பென்ஷனோடு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் இரண்டு மூன்று தடவை சாப்பிட்டிருக்கிறேன். மேசைக்கு நடுவில் சோறு, மீன், கூடவே ஒரு ஒயின் குப்பி. சேலை கட்டிய பாட்டி அரை கிளாஸ் ஊற்றி, மீதி அரைக்குத் தண்ணீர் விட்டுக் குடிப்பார். சாப்பாடு முடிந்தால் குப்பிக்கு மூடி. பிரான்சில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாட்டில் ஒயின் கொடுப்பதை 1956-இல்தான் நிறுத்தினார்கள் என்று பின்னால் படித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் குடித்துக் கெடவில்லை என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் ஈரல் கெட்டுச் செத்தவர்கள் ஏராளம். அந்த வீட்டில் அந்தக் குப்பியை யாரும் ஒளித்துவைக்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

நம் ஊர் விருந்தை நினைத்துப் பாருங்கள். குப்பி காரின் டிக்கியில் இருக்கும். பந்திக்கு முன்னால் ஆண்கள் நாலைந்து பேர் "இப்ப வாறேன்" என்று வெளியே போவார்கள். திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய். பெண்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அரசே சில்லறை விற்பனையை ஏற்ற 2003-க்கு முன்னால் சாராயம் விற்ற தனியார் கடைகளுக்கு 'ஒயின்ஸ்' என்று போர்டு இருந்தது. உள்ளே போய் ஒயின் கேட்டவனை நான் பார்த்ததில்லை. பிராந்தியும் ரம்மும்தான் விற்றன.

என் தம்பியும் அப்படித்தான் தொடங்கினான். கல்யாண வீடு, கொடை, கிறிஸ்துமஸ் என்று எங்கே கூடினாலும் காருக்குப் பின்னால் ஒரு ரவுண்டு. அம்மா முன்னால் அவன் ஒருநாளும் குடித்ததில்லை. அதை மரியாதை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எவ்வளவு குடிக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியவந்தபோது ஈரல் போய்விட்டது. ஐம்பத்தொன்றில் போனான். அம்மா அப்போது இருந்தாள்.

அதனால் மருமகனிடம் முதலில் சொன்னது இதுதான்: "மக்களே, எது வாங்கினாலும் சாப்பாட்டு மேசைக்கு நடுவில் வைக்கிறதாக இருந்தால் வாங்கு. டிக்கியில் வைக்கிறதாக இருந்தால் வேண்டாம்."

ஒயின்தான் வேண்டும் என்றால் நம் வெயிலுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது. அது துவர்க்கும், உடம்பைச் சூடாக்கும், நம் மீன் குழம்பின் மிளகாய் எரிச்சலை இன்னும் கூட்டும். வெள்ளை ஒயின், அல்லது ரோசே என்கிற இளஞ்சிவப்பு ஒயின் நல்லது. நாசிக்கிலிருந்தும் நந்தி மலைப் பக்கத்திலிருந்தும் வருவதே போதும். வெளிநாட்டுப் பெயருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். லேபிளில் ஷெனின் பிளாங்க், சோவிஞான் பிளாங்க் என்று இருக்கும். முன்னது சற்று மென்மை, பின்னது புளிப்பு தூக்கலானது. பொரித்த மீனுக்குப் பின்னதே பொருத்தம். ஒயின் பழசாக ஆக நல்லது என்பது இந்த விலைக் குப்பிகளுக்குப் பொருந்தாது. ஓரிரு வருடத்தில் குடித்து முடிக்கத்தான் இவற்றைச் செய்கிறார்கள். எனவே புட்டியில் உள்ள வருடத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்துக் குளிரவிட்டு, சாப்பாட்டோடு மட்டும் கொடுங்கள். போர்ட் என்று மலிவாகக் கிடைப்பது இனிப்பு கூடியது, சோற்றுக்கு ஒட்டாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நானே கேட்டேன். ஒரு புட்டி 750 மில்லி. ஐந்து கிளாஸ் வரும். இருபது பேருக்கு ஆளுக்கொரு கிளாஸ் என்றால் நாலு புட்டி. புட்டி ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. நாலாயிரம் ரூபாய் செலவழித்தும் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, என் மனைவிக்கும் தங்கைக்கும் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் வயது வித்தியாசமில்லாமல் சேர்ந்து குடிக்க நம் ஊரில் ஒன்று இருக்கிறது. அக்கானி. நெல்லைப் பக்கத்தில் பதனீர் என்பார்கள். அன்று லிட்டர் நூறு ரூபாய். ஆளுக்கு ஒரு தம்ளர், கேட்பவர்களுக்கு இன்னொன்று என்றாலும் ஆறு லிட்டர் தாராளம். அறுநூறு ரூபாயில் வீடு நிறையும்.

பிரெஞ்சுக்காரர் ஒயின் வாங்கும்போது எந்த ஊர்த் தோட்டம், எந்த வருடத்து மழை என்று கேட்பார்கள். அக்கானிக்கும் அப்படிக் கேட்க வேண்டும். யார் ஏறினது, எப்போது இறக்கினது? கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால்தான் அது அக்கானி. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்குவதற்கு இங்கே 1987 முதல் தடை. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடையே உண்டு. கள்ளைத் திரும்ப அனுமதிக்க வேண்டுமா என்பது பெரிய வழக்கு, அதற்குள் இன்று போகவில்லை. சுண்ணாம்பு மிஞ்சினால் நாக்கு பொத்துப் போகிற மாதிரி இருக்கும். நுரை கிளம்பி புளிப்பு வாடை அடித்தால் நேரம் தாண்டிவிட்டது. விழுங்கிய பிறகும் இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தால் சாக்கரின் கலந்த தண்ணீர் என்று சந்தேகப்படலாம். மத்தியானம் ரோட்டோரப் பானையில் வாங்குவதை விட்டுவிடுங்கள். காலையில் மரத்தடியிலேயே வாங்கி, பத்து மணிக்குள் குடித்துவிட வேண்டும். ஓலைப்பட்டையில் நுங்கும் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். மத்தியானச் சோற்றுக்கு இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட சம்பாரம் போதும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கானியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு தம்ளர் குடித்தால் ஐந்து தேக்கரண்டிச் சீனி உள்ளே போனதாகக் கணக்கு. சுகர் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு மடக்கோடு நிறுத்துங்கள். நானும் அப்படித்தான்.

இன்னொன்று, பனையேறியிடம் பேரம் பேசாதீர்கள். ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவிவிட்டு இறங்க வேண்டும். ஒருநாள் ஏறாவிட்டால் பாளை காய்ந்துவிடும். அதனால் அவருக்கு ஞாயிறும் இல்லை, திருவிழாவும் இல்லை. விழுந்தால் இடுப்போ உயிரோ போகும். அவர் மகன் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை, வர வேண்டும் என்று நாம் சொல்லவும் முடியாது. ஆயிரம் ரூபாய் ஒயினுக்குப் பில்லைக்கூடப் பார்க்காமல் கொடுக்கிற கை, இங்கே பத்து ரூபாய்க்கு நீளுகிறது. அது நியாயமில்லை.

அன்று மருமகன் ஒரே ஒரு வெள்ளை ஒயின் குப்பி வாங்கி வந்தான். சொன்னபடியே மேசைக்கு நடுவில் வைத்தான். அவனும் அவன் மனைவியும் ஆளுக்கு ஒரு கிளாஸ் எடுத்தார்கள். தங்கை முதலில் முகத்தைத் திருப்பினாள், பிறகு முகர்ந்து பார்த்து "புளிச்ச திராட்சைதானே" என்றாள். காலையில் வந்த ஆறு லிட்டர் அக்கானி ஒன்பது மணிக்கே தீர்ந்திருந்தது. கார் பக்கம் யாரும் போகவில்லை. தம்பி இருந்திருந்தால் அவனும் உள்ளேயே உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

தை, மாசியில் தொடங்குகிற அக்கானி ஆனியோடு முடிந்துவிடும். வீட்டில் ஆள் கூடுகிற நாள் தெரிந்தால் முதல் நாளே பனையேறியிடம் சொல்லிவையுங்கள். விடிந்தபின் போனால் கிடைக்காது.