தோலும் ஓடும் ஒன்றா?

தசரா விழாவின்போது மைசூரு அரண்மனையைக் கண்டு திரும்பிய சிறுமி ஒருத்தி, தமிழ்நாட்டிலுள்ள தன் பாட்டியுடன் தொலைபேசியில் பேசுவதாகக் கொள்வோம். “லுக் சூப்பர் பாட்டி, ஒரே ஷைனிங்!” என்கிறாள். பேத்தியின் மகிழ்ச்சி பாட்டிக்குப் புரிகிறது. அரண்மனையோ அவர் மனக்கண்ணில் எழவில்லை. 1897ஆம் ஆண்டில் பழைய அரண்மனை தீக்கிரையானபின் கட்டப்பெற்று, 1912ஆம் ஆண்டில் நிறைவெய்தியது இன்றைய அரண்மனை. அதன் சாம்பல்நிறக் கற்சுவர்களும், இளஞ்சிவப்புக் குவிமாடங்களும், இரவில் ஒளிரும் ஏறத்தாழ 1 இலட்சம் விளக்குகளும் அச்சிறுமியின் சொற்களில் இடம்பெறவே இல்லை.

பொருள்களின் புறத்தோற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சில, இன்று தமிழர் பேச்சில் வேரூன்றிவிட்டன. ‘லுக்’, ‘ஷைனிங்’, ‘ஸ்மூத்’, ‘ரஃப்’, ‘கவர்’ என்பன அவற்றுள் சில. பிறமொழிச் சொல் ஒன்று வந்து சேர்வதால் மட்டும் ஒரு மொழி அழிந்துவிடாது. பல சொற்கள் நின்ற இடத்தில் ஒரே சொல் வந்து அமர்வதுதான் இழப்பாகும்.

‘ஷைனிங்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். புளியிட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் பளபளக்கும், மைசூர்ப் பட்டு மினுமினுக்கும், விண்மீன் மின்னும், விளக்கு ஒளிரும், வெயில்பட்ட கண்ணாடி பளிச்சிடும். ஐந்தும் ஒளியைக் குறிப்பனவே. எனினும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. அவ்வாறே, கருங்கல் சொரசொரப்பானது, பாகற்காய் கரடுமுரடானது. இரண்டையும் ‘ரஃப்’ என்று சொல்லிவிட்டால், தொட்டறிந்த கை உணர்ந்த வேறுபாட்டை நா உணர்த்தத் தவறிவிடுகிறது.

பொருள்களின் மேலுறைக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாங்கனிக்குத் தோல், முட்டைக்கு ஓடு, நெல்லுக்கு உமி, வேம்புக்குப் பட்டை, தேங்காய்க்கு மட்டை எனப் பெயர்கள் வேறுபடுகின்றன. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981), மெல்லியதைத் தொலி என்றும், அதனினும் திண்ணியதைத் தோல் என்றும், வலியதைத் தோடு என்றும், மிக வலியதை ஓடு என்றும் வகைப்படுத்திக் காட்டியுள்ளார். தொல்காப்பிய மரபியலோ புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. மூங்கில் புல்லினத்தைச் சார்ந்தது என்பதை இன்றைய தாவரவியலும் ஏற்கிறது. புறத்தை உற்றுநோக்கியவர்களே இத்தகைய பகுப்பைச் செய்திருக்க இயலும்.

இதற்காக ஆங்கிலத்தைக் குறைகூறுவது முறையன்று. அம்மொழியிலும் ‘பீல்’, ‘ஹஸ்க்’, ‘ஷெல்’, ‘பார்க்’ என மேலுறைக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. எல்லாவற்றையும் ‘கவர்’ என்று கூறும் மாணவர் தமிழின் வளத்தையும் பெறுவதில்லை. ஆங்கிலத்தின் வளத்தையும் பெறுவதில்லை. இரு செல்வர் வீட்டு வாயிலில் நின்றும் வெறுங்கையுடன் திரும்புவது போன்றது இது.

“கேட்பவருக்குப் புரிந்தால் போதாதா?” எனச் சிலர் வினவுவர். கடையில் பொருளைச் சுட்டிக்காட்டி வாங்குவதற்கு அது போதும். பொருள் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் காணாத ஒருவருக்குக் கண்டதை உரைக்கும்போது சொல்லே கண்ணாகிறது. தோலில் தோன்றியது தடிப்பா, கொப்புளமா, செதிலா என்று சொல்லத் தெரியாத பிள்ளை, தொலைவிலிருக்கும் தாயிடம் தன் துன்பத்தை எவ்வாறு விளக்கும்?

மைசூருவில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு நற்பேறும் உண்டு. தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆகிறது. ‘பூ’ என்பது ‘ஹூவு’ ஆகிறது. அதுபோலவே, நாள்தோறும் தெருவில் கேட்கும் கன்னட ‘ஹொர’, தமிழின் ‘புறம்’ என்னும் சொல்லுக்கு உறவாகும். அண்டை மொழியைச் செவிமடுப்பவர் தம் தாய்மொழியையும் அங்கே இனங்காண்பர். வேற்று மாநிலத்தில் வாழ்வதால் தமிழ்ச் சொல் மறந்துபோயிற்று என்பது ஏற்கத்தக்க காரணமன்று.

ஆகவே, ஒரு பொருளைக் கண்டவுடன் ‘சூப்பர்’ என்று முடித்துவிடாமல், அதன் நிறம் என்ன, வடிவம் என்ன, தொட்டால் எவ்வாறு இருக்கிறது, ஒளி அதன்மேல் எவ்வாறு படுகிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லப் பழகுதல் வேண்டும். அவ்வாறு பழகிய சிறுமி அடுத்த தசராவின்போது பேசினால், ஊரிலிருக்கும் பாட்டியும் அவளுடன் அரண்மனை வாயிலில் நிற்பார்.