பெயர்ப் பட்டியலும் அதன் பூட்டும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று தன் வாழ்நாளில் எத்தனை தடவை பதியப்படுகின்றது என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. 1990இல் ஊரை விட்டோடிப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கியவர்களுக்கு அங்கேயே ஒரு பதிவு. சங்கக்கடை நிவாரணத்துக்கு மற்றொரு பதிவு. 2004 டிசம்பர் 26 கடல்கோளின் பின் ஒரு பதிவு. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் வெளியேறியபோது இன்னொன்று. பிறகு மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், கிணறு, மாடு, விதைநெல். கடைசியாக 2023இல் அஸ்வெசும. ஒவ்வொரு தடவையும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே: அடையாள அட்டை இலக்கம் என்ன, காணிக்கு உறுதியா பேமிற்றா, வங்கிக் கணக்கு எது, வீட்டில் காணாமற் போனவர் உண்டா?

இந்தப் பதில்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தன? முன்னர் அவை கொப்பிகளிலும் கோவைகளிலும் இருந்தன. அலுமாரியில் பூட்டித் திறப்பை எழுதுவினைஞர் இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒரு பட்டியலைக் களவெடுக்க வேண்டுமாயின் அலுமாரியை உடைக்க வேண்டும். இன்று அதே பட்டியல் ஒரு கணனியில், அல்லது எங்கோ தூரத்திலுள்ள வேறொரு கணனியில் இருக்கின்றது. அதன் திறப்பு ஒரு சொல். கடவுச்சொல் என்றும் பாஸ்வேர்ட் என்றும் சொல்கிறோமே, அதுதான். அந்தச் சொல் எப்படி இருக்க வேண்டும், எத்தனை எழுத்து வேண்டும், எப்போது மாற்ற வேண்டும், மறந்தால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியருக்கு விதியாக வகுத்து வைக்கின்றது. இவ்விதிகள் அலுவலகக்காரரின் உள்வீட்டு விடயம் என்று நீங்கள் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. பூட்டு அவர்களுடையதாயினும் உள்ளே கிடப்பது உங்கள் குடும்பம்.

பெயர்ப் பட்டியல் என்றால் என்னவென்று இம்மாவட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 செப்ரெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் பிரித்தெடுத்துக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. தலையாட்டியின் முன் வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். ஒருவர் யார், எங்கிருந்து வந்தவர், யாருக்கு உறவினர் என்ற தகவல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்த சமூகம் இது. ஆனால் அதே சமூகத்தின் தகவல்கள் இன்று ‘மட்டக்களப்பு123’ என்ற வகையான ஒரு சொல்லுக்குப் பின்னால் கிடக்கின்றன.

(கடவுச்சொல் புதிய கண்டுபிடிப்பு அல்ல. நீதித்தலைவர்கள் நூலில் யோர்தான் துறையைக் கடக்க வந்தவர்களை ‘ஷிபொலேத்து’ என்று சொல்லச் சொல்லி, உச்சரிக்கத் தெரியாதவரை வெட்டிய கதை இருக்கிறது. 1983இல் தெருவில் மறிக்கப்பட்ட தமிழரிடம் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டதும் அதே கதைதான்.)

தொலைவில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். காணாமற் போனவரைத் தேடுவோர் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் விபரம் கொடுப்பது நம் ஊர்களில் நன்கு தெரிந்த நடைமுறை. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் அதன் பணிக்கான தகவல்கள் சுவிற்சர்லாந்திலுள்ள கணனிகளில் வைக்கப்பட்டிருந்தன. 2022 ஜனவரி 18ஆந் திகதி அக்கணனிகளில் எவரோ நுழைந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. உலகெங்குமுள்ள குறைந்தது 60 செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் சேகரித்த 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அங்கே இருந்தன. காணாமற் போனோர், போரினாலும் புலம்பெயர்வினாலும் அனர்த்தத்தினாலும் குடும்பத்தைப் பிரிந்தோர், தடுப்பிலுள்ளோர் ஆகிய மிகவும் நலிந்த மனிதரின் விபரங்கள் அவை. நுழைந்தவர்கள் 2021 நவம்பர் 9ஆந் திகதியே உள்ளே வந்துவிட்டனர். எழுபது நாட்கள் எவர் கண்ணிலும் படவில்லை.

எந்த வாசலால் வந்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஊழியர் தமது கடவுச்சொல்லை மறந்தால் தாமே மீளப் பெற்றுக்கொள்வதற்கும், நிர்வாகம் கடவுச்சொல் விதிகளை அமைப்பதற்கும் பயன்படும் ஒரு மென்பொருள் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனத்தின் மனேஜ்என்ஜின் பிரிவு தயாரித்தது. அதில் ஒரு பழுது இருந்தது. பழுதை நீக்கும் திருத்தத்தைத் தயாரித்தவர்கள் 2021 செப்ரெம்பரிலேயே வெளியிட்டிருந்தார்கள். செஞ்சிலுவைக் குழு அதனை உரிய நேரத்தில் தன் கணனிகளில் இடவில்லை. இதனை அக்குழுவே வெளிப்படையாக அறிவித்தது. அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும்; நம் நாட்டில் அலுவலகங்கள் இப்படி அறிவிப்பது அரிது. ஆகவே கடவுச்சொல்லைப் பற்றிய விதி எவ்வளவு சிறந்ததாயினும், அவ்விதியைக் காக்கும் பூட்டே துருப்பிடித்திருந்தால் பயனில்லை. திருத்தம் வந்தவுடன் இடுவதும் விதிகளுள் ஒன்றாக வேண்டும்.

இனி விதிகளுக்கு வருவோம். பெரும்பாலான அலுவலகங்களின் சுவரில் ஒட்டியிருப்பது இதுதான்: எட்டு எழுத்து, அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு இலக்கம், ஒரு குறியீடு, மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். இவ்விதி எங்கிருந்து வந்தது? 2003ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் என்பவர் எழுதிய ஆவணமொன்று உலகெங்கும் பிரதி பண்ணப்பட்டது. 2017இல், ஓய்வுபெற்றிருந்த அவர், தாம் எழுதியவற்றுள் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாகப் பத்திரிகையொன்றுக்குச் சொன்னார். அதே ஆண்டு அந்நிறுவனம் புதிய ஆவணத்தை வெளியிட்டது. குறியீடு கட்டாயம் என்ற விதி வேண்டாம், காரணமின்றிக் காலத்துக்குக் காலம் மாற்றச் சொல்லவும் வேண்டாம், நீளமாக இருக்கட்டும், ஏற்கெனவே களவுபோன சொற்களை மறுக்கட்டும் என்பதே அதன் சாரம். 2019இல் மைக்ரோசொப்ட் நிறுவனமும் காலாவதி விதியைத் தன் பரிந்துரையிலிருந்து நீக்கியது. 2025இல் வந்த அடுத்த பதிப்பு, கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் இடத்தில் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்கிறது. ஆனால் நம் பகுதி அலுவலகச் சுவர்களில் 2003 இன்னும் தொங்குகிறது. வெளிநாட்டு உதவி நிறுவனம் கேட்டது என்பதற்காக எவரோ ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த கொள்கையை இயக்குநர் ஒப்பமிட்டு ஒட்டிவிடுகிறார். அத்துடன் கடமை முடிந்தது.

மனிதனின் இயல்பை அறியாத விதி அவனைக் களவுக்குப் பழக்கும். மாதாமாதம் மாற்றச் சொன்னால் ஊழியர் என்ன செய்வார்? ‘வாவி@1’ என்றிருந்ததை ‘வாவி@2’ ஆக்குவார். அதுவும் மறந்துபோகுமென்று சிறு கடதாசியில் எழுதி விசைப்பலகையின் அடியில் வைப்பார். அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் 2010இல் இதனை ஆராய்ந்தார்கள். பழைய கடவுச்சொல் தெரிந்தவருக்கு, 17 வீதமான கணக்குகளில், ஐந்து தடவைக்குள் புதியதை ஊகிக்க முடிந்தது. திருடனுக்கு இல்லாத சிரமத்தை ஊழியருக்குக் கொடுப்பதுதான் இந்த விதியின் பலன்.

நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஆறு இலக்கம் கொண்ட சொல்லுக்குப் பத்து இலட்சம் வாய்ப்புகளே உண்டு. கணனி அதைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு 20,000 கோடிக்கு மேல். அதற்குப் பின் சேரும் ஒவ்வோர் எழுத்தும் அதனை 26 மடங்காக்குகிறது. எனவே ஒன்றுடனொன்று தொடர்பில்லாத நாலைந்து சாதாரணச் சொற்களை, பரண், துருசு, சவுக்காரம், புதன் என்பதுபோல, வரிசையாக எழுதினால் நினைவிலும் நிற்கும், பூட்டும் பலமாகும். (இங்கே அச்சில் வந்துவிட்டதால் இந்த நாலையும் எவரும் பாவிக்க வேண்டாம்!) பழமொழியோ பாட்டின் முதலடியோ கூடாது. 2009இல் றொக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் களவுபோயின. அவற்றுள் மிக அதிகமானோர் வைத்திருந்தது 123456. திருடர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். அதனால்தான் தடைசெய்த சொற்களின் பட்டியல் ஒன்றை அலுவலகக் கணனியில் இட வேண்டும் என்கிறோம். உலகப் பட்டியலுடன் நம்மூர்ப் பட்டியலும் சேர வேண்டும்: நிறுவனத்தின் பெயர், மாவட்டத்தின் பெயர், புனிதரின் பெயர், நடப்பு ஆண்டு.

அடையாள அட்டை இலக்கமும் அப்பட்டியலில் சேர வேண்டும். புதிதாக வரும் ஊழியருக்கோ பயனாளிக்கோ அதையே முதற் கடவுச்சொல்லாகக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த இலக்கத்தின் முன்பகுதி பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது; பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். பிறந்த நாள் தெரிந்தவருக்குப் பாதி இலக்கம் ஏற்கெனவே தெரியும். மீதியும் ஒவ்வொரு நிவாரணப் படிவத்திலும் எழுதியிருக்கிறது.

மறந்துபோனவருக்குக் கேட்கப்படும் ‘இரகசியக் கேள்வி’ இதைவிட மோசம். உங்கள் தாயாரின் பெயர் என்ன? பிறந்த ஊர் எது? முதலில் படித்த பாடசாலை எது? நகரத்தில் இவை இரகசியமாக இருக்கலாம். எங்கள் கிராமத்தில் யாருக்கு யார் தாய் என்பது குளக்கட்டில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். மேலும் அது நாங்களே நிரப்பிய குடும்ப விபரப் படிவத்தின் இரண்டாம் வரி. இக்கேள்விகளை முற்றாக நிறுத்த வேண்டும். மறந்தவர் நேரில் வந்து தன்னை உறுதிப்படுத்திப் புதிய சொல்லைப் பெறட்டும், அல்லது அவருடைய கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது உறுதிப்பாட்டைக் காட்டட்டும். பின்கதவை ஓலையால் அடைத்துவிட்டு முன்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போடுவதால் என்ன பயன்?

ஓர் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்ற வழக்கத்தை நாம் கடுமையாக எதிர்க்கிறோம். படுவான்கரையில் மாடு வைத்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பட்டிக்கும் தனிக் குறி சுடுவது எதற்காக? வேளாண்மைக்குள் மாடு இறங்கினால் யாருடையது என்று அறிவதற்காக. எல்லா மாட்டுக்கும் ஒரே குறியென்றால் வட்டை விதானை யாரை விசாரிப்பார்? பட்டியலை யார் திறந்தார், யார் பிரதி எடுத்தார் என்று பின்னர் அறிய வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிச் சொல்லும் வேண்டும். கள உத்தியோகத்தருக்குத் தன் கிராமத்தின் பட்டியல் போதும். வாகரையில் வேலை செய்பவர் வெல்லாவெளிக் குடும்பங்களின் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? திட்டம் முடிந்து வேலையை விட்டவரின் கணக்கை அன்றைக்கே மூடவும் வேண்டும். நம் பகுதியில் திட்டங்கள் இரண்டு மூன்று ஆண்டில் முடிகின்றன. ஊழியர் போகிறார், கணக்கு இருக்கிறது.

அலுவலகங்களைச் சொல்லிவிட்டு உங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 2022இல் எரிபொருள் கியூஆருக்கும் பின்னர் வேறு விண்ணப்பங்களுக்கும் கொமினிகேஷன் கடைத் தம்பியிடம் போனீர்கள். அவர் உங்கள் பெயரில் மின்னஞ்சல் திறந்து, தான் விரும்பிய கடவுச்சொல்லை இட்டு, தன் கொப்பியில் எழுதி வைத்தார். அவர் நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கொப்பி கடை மேசையில் கிடக்கிறது. பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அதை உங்கள் கையால் மாற்றிக்கொள்ளுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் பின்னர் தள்ளிப்போடப்பட்டது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றில்லை. படிவத்துடன் உங்கள் முற்றத்துக்கு வருபவரிடம் கேளுங்கள்: இந்த விபரம் எதற்கு? யார் பார்ப்பார்? திட்டம் முடிந்ததும் அழிப்பீர்களா? காணாமற் போனவரைப் பற்றிய கேள்வி ஆட்டுக்குட்டி கொடுக்கும் திட்டத்தின் படிவத்தில் ஏன்? தேவையில்லாததைச் சேகரிக்காத அலுவலகத்துக்குப் பாதுகாக்க வேண்டியதும் குறைவு. கேட்டால் உதவி வெட்டுப்படும் என்ற அச்சம் உங்களுக்கு இருப்பதை நாம் அறிவோம். தனியாகக் கேட்க வேண்டாம், சங்கமாகக் கேளுங்கள்.

சங்கம் என்றதும் ஒன்று. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இப்போது கணக்கையும் அங்கத்தவர் இடாப்பையும் கைத்தொலைபேசியிலும் மடிகணனியிலும் வைத்திருக்கின்றன. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் மாறினால் வங்கிக்குப் போய்க் கையொப்பத்தை மாற்றுகிறோம். புத்தகத்தையும் முத்திரையையும் கையளித்ததாகக் கூட்டக் குறிப்பில் எழுதுகிறோம். அதே கூட்டத்தில், கலைவதற்கு முன், புதிய செயலாளர் கடவுச்சொல்லை மாற்றட்டும். மாற்றியதாக மட்டும் குறிப்பில் எழுதுங்கள். சொல்லை எழுத வேண்டாம்.