பயிற்சி கொடுத்தால் பறந்துவிடுவார்களா?

மைசூருவிலுள்ள இன்போசிஸ் பயிற்சி வளாகம் ஒரு சிறு நகரம் போன்றது. கல்லூரி முடித்த கையோடு வரும் இளைஞர்களுக்கு அங்கே சம்பளத்துடன் மாதக்கணக்கில் பாடம் நடக்கிறது. இவ்வளவு செலவிட்டும், 2022 ஜூனில் முடிந்த ஓராண்டில் அந்த நிறுவனத்தை விட்டுத் தாமாக விலகியவர்கள் 28.4 சதவீதம்.

"தொழில் பழகியதும் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான்" என்று அஞ்சும் பட்டறை முதலாளிக்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் 2024 ஜூனில் அதே விகிதம் 12.7 ஆகச் சரிந்தது. மைசூரு வளாகம் இருந்த இடத்தில்தான் இருந்தது; வெளியே ஆளுக்கிருந்த கிராக்கிதான் குறைந்திருந்தது.

எங்கும் செல்லுபடியாகும் திறனைக் கற்றால், அதன் பலன் கற்றவரிடமே தங்கும் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இலேயே விளக்கினார். சந்தையில் கற்றவரின் மதிப்பு கூடிவிடுகிறது. சம்பளம் மட்டும் பழையபடி நின்றால்? பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதியவர்களின் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தையே சுற்றி வந்தது. கிளம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது.

நிறுவனங்கள் நாடும் மருந்து, பாண்டு. மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கிக்கு ஆளெடுப்பு செலவு பிடிக்கும் வேலை என்பது நியாயம்தான். ஆனால் பாண்டு ஆளை மூன்றாண்டு நிறுத்திவைக்கும், அவ்வளவே. நான்காம் ஆண்டுக்கு அதனிடம் பதில் இல்லை.

மதுரையில் வேறொரு வழி இருக்கிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தருகிறது. பார்வைப் பரிசோதனை, அறுவை அரங்கு, நோயாளிகளுக்கு ஆலோசனை என்று ஒவ்வொருவருக்கும் தனித்துறை உண்டு. கல்யாணம், குடும்பம் என்று விலகுவோர் அங்கும் இருக்கிறார்கள். இருந்தாலும் கற்ற வேலைக்கான இடம் அங்கேயே காத்திருக்கிறது.

சிறிய பட்டறையும் இதைச் செய்யலாம். பயிற்சி முடிந்ததும் என்ன சம்பளம், என்ன பொறுப்பு என்பதைச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுக்கலாம். பாண்டு எழுதி வாங்கும் அதே தாளில் அதற்கும் இடமிருக்கிறது. கீழே முதலாளியும் கையெழுத்துப் போடட்டும்.